நடுவுல கொஞ்சம் மேனேஜரைக் காணோம்!

2025 ஜூலைக் கடைசியில் டிசிஎஸ் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மொத்த ஊழியர்களில் சுமார் இரண்டு சதவீதம் பேர், அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்கள், அந்த நிதியாண்டுக்குள் வெளியேற வேண்டியிருக்கும் என்றது அறிவிப்பு. சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரை உலுக்கியது இந்த எண்ணிக்கையைவிட அதற்கு அடுத்த தகவல்தான். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் நடுத்தட்டிலும் மேல்தட்டிலும் இருப்பவர்கள்.

ஐடியில் வேலை போகிறதென்றால் திட்டம் எதிலும் சேர்க்கப்படாமல் பெஞ்சில் இருக்கும் ஃப்ரெஷருக்குப் போகும், அப்ரைசலில் கடைசி ரேட்டிங் வாங்கியவருக்குப் போகும் என்றுதான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடம் குப்பை கொட்டி, டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர் என்று படியேறியவரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மேடவாக்கத்து ஃப்ளாட்டின் இஎம்ஐயும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அந்த நம்பிக்கையின் பேரில் எடுத்த முடிவுகள்.

2025 மார்ச் நிலவரப்படி டிசிஎஸ்ஸில் 6,07,979 பேர். அந்த ஆண்டு வருமானம் 3,000 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 50,000 டாலர். இந்திய ஐடி சேவைத் துறை கண்ட வளர்ச்சியின் கணக்கு பெரும்பாலும் இதுதான்: ஆள் கூடினால் பில்லிங் கூடும், பில்லிங் கூடினால் வருமானம் கூடும். கோவிட் கால டிஜிட்டல் அலையில், 2021-22 ஒரே நிதியாண்டில் டிசிஎஸ் நிகரமாகச் சேர்த்துக்கொண்டவர்கள் 1,03,546 பேர். இரண்டே ஆண்டு கழித்து, 2023-24-இல், ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. 2004-இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு அந்த நிறுவனத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

ஒரு லட்சம் பேரைச் சேர்த்த வேகமும், மூன்றாண்டு கழித்து நடுத்தட்டில் விழுந்த கத்தியும் தொடர்பற்ற இரண்டு செய்திகளா? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அமெரிக்காவில் மந்தம் என்று சொல்லப்படும் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஆனால், நிறுவனம் எப்படி வளர்கிறது, எங்கே இடறுகிறது என்று அறுபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்தவர்கள் வேறொரு இடத்தைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

ஒரு வெடிமருந்து கம்பெனியில் கிடைத்த பாடம்

அமெரிக்காவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய பொருளியலாளர் எடித் பென்ரோஸ், 1959-இல் நிறுவனங்களின் வளர்ச்சி பற்றி ஒரு நூல் எழுதினார். நிறுவனம் எவ்வளவு வளரும் என்பதைச் சந்தையும் முதலீடும் தீர்மானிக்கின்றன என்பது அன்றைய பாடநூல் நம்பிக்கை. ஹெர்குலிஸ் பவுடர் என்ற வெடிமருந்து, ரசாயன நிறுவனத்துக்குள் நேரில் போய்ப் பார்த்தவர் பென்ரோஸ். அவருக்குத் தெரிந்த தடை வேறு.

நிர்வாகிகளை வெளியிலிருந்து கூலிக்கு எடுக்கலாம். ஆனால், அந்த நிறுவனத்தின் மனிதர்களோடும் வேலையோடும் பழகிய நிர்வாகிகளைச் சந்தையில் வாங்க முடியாது. புதிதாக வருபவர் அப்படி ஆவதற்குக் காலம் பிடிக்கும். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே கழுத்தளவு வேலையில் இருக்கும் பழைய நிர்வாகி. ஆகவே, ஓர் ஆண்டில் இவ்வளவுதான் வளர முடியும் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேக வரம்பு உண்டு. அதை மீறினால் நிறுவனம் பெருக்கும், திறன் இறங்கும். பொருளியலில் இதற்கு அவர் பெயரையே வைத்து, ‘பென்ரோஸ் விளைவு’ என்கிறார்கள்.

கம்ப்யூட்டர் நிறுவனம் எதையும் மனதில் வைத்து அவர் இதை எழுதவில்லை. ஆனால், சிமென்ட் ஆலையைவிட சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. சிமென்ட் ஆலையில் மேலாளர் சுமாரானவராக இருந்தாலும் சூளை எரிந்துகொண்டிருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் மனிதர்களும் அவர்களை ஒருங்கிணைப்பவரும் போக மிச்சம் இருப்பது வாடகைக் கட்டடமும் லேப்டாப்பும்தான்.

பென்ரோஸ் சொன்னதை சாஃப்ட்வேர் உலகம் தன் சொந்தக் காசைக் கொட்டிக் கற்றுக்கொண்டது. 1960-களில் ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தை உருவாக்கியபோது, ஆயிரத்துக்கும் அதிகமானோர் அதில் வேலை செய்த காலம் உண்டு. திட்டம் தாமதமானது. அதை நிர்வகித்த ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் ‘தி மித்திகல் மேன்-மந்த்’ நூலில் அந்த அனுபவத்தைப் பிரித்துப் போட்டார். தாமதமான சாஃப்ட்வேர் திட்டத்தில் கூடுதல் ஆட்களைப் போட்டால் தாமதம் இன்னும் கூடும் என்பது அவர் கண்டது. கணக்கு எளிது. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேச 10 இணைப்புகள் போதும். பத்துப் பேருக்கு 45 வேண்டும். ஐம்பது பேருக்கு 1,225. வெள்ளிக்கிழமை ராத்திரி ‘எஸ்கலேஷன் கால்’ போட்டு, திங்கள்கிழமைக்குள் இன்னும் எட்டுப் பேரைத் திட்டத்துக்குள் தள்ளும் மேனேஜர்கள் இன்றும் இருக்கிறார்கள். புரூக்ஸைப் படிக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான். கிளையன்ட்டுக்கு ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டுமே!

காகிதத்தில் ஏற்றிய அனுபவம்

பென்ரோஸும் புரூக்ஸும் சொன்னது முழு உண்மையென்றால், இந்திய ஐடி நிறுவனங்கள் 1990-களிலும் 2000-களிலும் வளர்ந்த வேகத்தில் வளர்ந்திருக்கவே முடியாது. எப்படி வளர்ந்தன?

மலிவான பொறியாளர்கள், ஆங்கிலம், ஒய்2கே என்ற பதில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் வேறொன்றையும் சேர்ப்பேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் பொறியியல் நிறுவனத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரியின் வழிகாட்டலில் சிஎம்எம் என்ற தர அளவுகோல் உருவானது. வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று ஒன்று முதல் ஐந்து நிலை வரை மதிப்பிடும் முறை அது. அமெரிக்க ராணுவத்துக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருபவர்களை எடைபோட வந்த அதை, இந்திய நிறுவனங்கள்தான் இறுகப் பற்றிக்கொண்டன. 1990-களின் தொடக்கத்திலேயே பெங்களூரின் மோட்டோரோலா பிரிவு ஐந்தாம் நிலையைத் தொட்டது. இன்ஃபோசிஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தன.

சான்றிதழ் கிளையன்ட்டிடம் காட்டுவதற்கு என்பது வெளிப்படையான பயன். அதைவிட முக்கியமானது உள்ளே நடந்தது. பத்து வருட அனுபவம் உள்ள மேலாளரின் தலையில் இருந்ததை எல்லாம் எழுதி வைத்தார்கள். என்ன கூட்டம், எப்போது, எந்தப் படிவம், எந்தப் பிழையை எந்தக் கட்டத்தில் பிடிக்க வேண்டும் என்று எல்லாம் ஏட்டில் ஏறியது. ஆறு வருட அனுபவக்காரர்கூட அதைப் பார்த்து நாற்பது பேரை மேய்த்துவிட முடிந்தது. பென்ரோஸின் வேக வரம்பை ஏமாற்ற இந்தியா கண்டுபிடித்த வழி இது. ஐடித் துறையின் உண்மையான உற்பத்திப் பொருள் சாஃப்ட்வேர்கூட அல்ல, மேனேஜர்கள்தான் என்று சொன்னால் அதிகப்படியாகாது.

இதற்கு ஓர் எல்லையும் இருந்தது. இந்திய சாஃப்ட்வேர் நிறுவனங்களை ஆராய்ந்து ஆஷிஷ் அரோராவும் ஜெய் அசுந்தியும் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தரச் சான்றிதழ் வாங்கிய நிறுவனங்களுக்கு வளர்ச்சி கூடியது தெரிந்தது. அதனால் கூடுதல் விலை கிடைத்ததற்கான சான்றுதான் அவ்வளவு வலுவாக இல்லை. அதாவது, ஒழுங்கு வந்ததால் வேலை நிறைய வந்தது. தலைக்குக் கிடைக்கும் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. கால் நூற்றாண்டு கழித்தும் அந்த 50,000 டாலர் கணக்கு அதைத்தானே சொல்கிறது!

சென்னையில் பிறந்த பாடம்

நிர்வாகமும் வளர்ச்சியும் பற்றி இந்தியாவில் ஒரே ஒரு நிறுவனத்தைப் படிக்க வேண்டுமென்றால் நான் காக்னிசன்ட்டைத்தான் கைகாட்டுவேன். 1994-இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் தொழில்நுட்பப் பிரிவாக, சத்யம் நிறுவனத்தோடு சேர்ந்த கூட்டு முயற்சியாகச் சென்னையில் தொடங்கியது. 1998-இல் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. 2006-இல் சுமார் 140 கோடி டாலராக இருந்த வருமானம் 2014-இல் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. வழியில் 2011-இல் விப்ரோவையும் 2012-இல் இன்ஃபோசிஸையும் காலாண்டு வருமானத்தில் முந்தியது. தொண்டாமுத்தூரிலும் தேவகோட்டையிலும் ‘சிடிஎஸ்ஸில் (காக்னிசன்ட்டில்) வேலை’ என்பது மாப்பிள்ளையின் தகுதி ஆனது அந்தக் காலத்தில்தான்.

அந்த வேகத்துக்குப் பின்னால் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்ட ஒரு கொள்கை இருந்தது. போட்டி நிறுவனங்கள் 25 சதவீதத்துக்கும் மேல் லாப விகிதம் காட்டிய நாட்களில், காக்னிசன்ட் தன் லாப விகிதத்தை 19 முதல் 20 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வோம் என்றது. அதற்கு மேல் மிஞ்சுவதை வளர்ச்சியிலேயே மறுபடி போடுவோம் என்றது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மனிதர்களுக்குப் போனது. குறிப்பாக, கிளையன்ட்டுக்குப் பக்கத்திலேயே மூத்த ஆட்களை உட்கார வைப்பதற்கு. ‘டூ இன் எ பாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பெரிய கிளையன்ட்டுக்கும் இரண்டு தலைகள். ஒருவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கிளையன்ட்டின் அருகில், இன்னொருவர் சென்னையில் டெலிவரியைப் பார்த்துக்கொண்டு. வெற்றி தோல்வி இரண்டுக்கும் இருவரும் சமபொறுப்பு.

கணக்குப்பிள்ளை கண்ணோடு பார்த்தால் இது வீண் செலவு. ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு மேனேஜர்? பென்ரோஸின் கண்ணோடு பார்த்தால் இது அடுத்த ஆண்டுக்கான மேனேஜரை இந்த ஆண்டே தயார் செய்யும் ஏற்பாடு. நிறுவனம் தேவைக்குச் சற்று அதிகமாகவே நிர்வாகத் திறனைக் கையில் வைத்திருந்தது. வாய்ப்பு வந்தபோது தாவ முடிந்தது.

2016 நவம்பரில் எலியட் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், நான்கு சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கோடு கதவைத் தட்டியது. லாப விகிதத்தைக் கூட்டுங்கள், பங்குதாரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கடிதம். 2017 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 340 கோடி டாலர் பங்குதாரருக்கு, 2019-இல் லாப விகிதம் 22 சதவீதம். அதே 2017-இல் மூத்த நிலை ஊழியர்களுக்கு விருப்ப விலகல் திட்டமும் வந்தது. 2015-இல் 21 சதவீதமாக இருந்த வருமான வளர்ச்சி 2019-இல் சுமார் நான்கு சதவீதம். அந்த ஆண்டு வெளியிலிருந்து ஒரு தலைமைச் செயல் அதிகாரி வந்தார். 2023 தொடக்கத்தில் அவரும் மாற்றப்பட்டார்.

எல்லாப் பழியையும் எலியட் தலையில் போடுவது நியாயமில்லை. 2015-இன் வளர்ச்சியில் டிரைசெட்டோ நிறுவனத்தை வாங்கியதன் பங்கும் உண்டு. இவ்வளவு பெரிதான பிறகு எந்த நிறுவனத்துக்கும் வேகம் குறையும். வங்கி, மருத்துவத் துறைகளில் கிளையன்ட்டுகளும் கையைச் சுருக்கினார்கள். ஆனாலும், தேவைக்கு மேல் இருக்கும் நிர்வாகத் திறனை வெறும் கொழுப்பு என்று நினைத்து வெட்டினால் வளர்ச்சியின் தசையும் சேர்ந்து போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் கண்முன் இல்லை. டிசிஎஸ் அறிவிப்பைப் படிக்கும்போது எனக்கு 2017 நினைவுக்கு வருவது இதனால்தான்.

நன்றாகக் கோடு எழுதினால் மேனேஜரா?

நடுத்தட்டு மேனேஜர் என்றாலே நம் மீம்களில் வில்லன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்பவர், லீவு கேட்டால் முகம் சுளிப்பவர், எக்ஸெல் ஷீட்டை நிரப்பச் சொல்வதைத் தவிர வேறொன்றும் அறியாதவர். இப்படிப்பட்டவர்கள் இல்லவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மேனேஜர் என்றாலே சுமை என்றுதான் கூகுளும் ஒரு காலத்தில் நினைத்தது. 2002-இல் பொறியியல் மேனேஜர்களே வேண்டாம் என்று நிறுவனர்கள் எடுத்துவிட்டார்கள். செலவுக் கணக்கும் இரண்டு பேர் சண்டையும்கூட நேராக லாரி பேஜின் மேசைக்கு வரத் தொடங்கின. சில மாதங்களில் மேனேஜர்கள் திரும்பி வந்தார்கள். பிறகு கூகுளே ‘ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்’ என்ற பெயரில் தன் உள் தரவுகளை வைத்து ஆராய்ந்தது. நல்ல மேனேஜரிடம் இருப்பவர்கள் குறைவாகவே வேலையை விடுகிறார்கள் என்று தெரிந்தது. நல்ல மேனேஜருக்கு அடையாளமாகக் கிடைத்த எட்டுக் குணங்களில் முதலிடம், ஆளைப் பயிற்றுவித்து வளர்ப்பதற்கு. தொழில்நுட்ப அறிவுக்குக் கடைசி இடம்.

நாம் பதவி உயர்வு கொடுப்பதோ தலைகீழாக. நன்றாகக் கோடு எழுதியவரைப் பரிசாக மேனேஜர் ஆக்குகிறோம். ஒரு நல்ல புரோகிராமரை இழந்து ஒரு சுமாரான மேனேஜரைப் பெறுகிறோம். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது: அதிகம் விற்றவர்கள் மேலாளர்களாக உயர்த்தப்படுகிறார்கள், அவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனை குறைகிறது.

ஆள் சேர்க்கும் முறையே நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று சொன்ன ஆய்வும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் பேரன், மைக்கேல் ஹன்னன் இருவரும் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கின் சுமார் 200 இளம் தொழில்நுட்ப நிறுவனங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எப்படிப்பட்ட ஆட்களைச் சேர்ப்பது என்று ஒவ்வொரு நிறுவனர் மனதிலும் ஒரு வரைபடம் இருக்கிறது. சிலர் நட்சத்திர மூளைகளைத் தேடுவார்கள். சிலருக்கு சவாலான வேலை போதும். சிலர் ‘இது நம் வீடு’ என்ற பற்றை வளர்ப்பார்கள். பற்றை அடித்தளமாகக் கொண்ட நிறுவனங்கள் தோற்றது மிகக் குறைவு, பங்குச் சந்தைக்கு வேகமாகப் போனதும் அவைதான். பின்னாளில் அவற்றுக்கு மேனேஜர்களும் குறைவாகவே தேவைப்பட்டார்கள். நட்சத்திர மாதிரி நிறுவனங்கள் பிழைத்து நின்றால் சந்தை மதிப்பில் பாய்ந்தன. மிக ஆபத்தானது, நடுவழியில் வரைபடத்தை மாற்றுவது. பழைய ஊழியர்கள் வெளியேறுவார்கள், தோல்வி வாய்ப்பும் ஏறும்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஸோஹோ நினைவுக்கு வராமல் போகாது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளி முதலீடு வாங்காமல், பங்குச் சந்தைக்கும் போகாமல் வளர்ந்த நிறுவனம். கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவிக்கும் பள்ளியை நடத்துகிறது. 2011-இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கே அலுவலகத்தைக் கொண்டுபோனது. வெளிப்பணம் வாங்காததால் வளர்ச்சியின் வேகத்தைத் தானே முடிவு செய்ய முடிகிறது. அங்கிருந்து போன கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நேரெதிர்ப் பாதையில், முதலீட்டாளர் பணத்தோடு ஓடி 2021-இல் நாஸ்டாக்கில் இறங்கியது. 2024-இல் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டே சுமார் 13 சதவீதம் பேருக்கு வேலை போனது. எது சரி என்று தீர்ப்பு எழுத எனக்கு ஆசை இல்லை. சந்தையில் ஏறியபோது நூற்றுக்கணக்கான ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனதும் ஃப்ரெஷ்வொர்க்ஸில்தான். இரண்டு பாதையும் சென்னையிலிருந்தே கிளம்பியவை என்பதால் நம் மேலாண்மைக் கல்லூரிகள் ஹார்வர்டு கேஸ் ஸ்டடியை மட்டும் நகலெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நாற்றங்காலில் தண்ணீர் இல்லை

இப்போது பிரச்சினை இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. ஐடி சேவை நிறுவனத்தின் அமைப்பு ஒரு பிரமிடு. அடியில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் சம்பளத்தில் ஆயிரக்கணக்கான ஃப்ரெஷர்கள், உச்சியில் சிலர். டெஸ்டிங், பழைய புரோகிராமைத் திருத்துவது, டாக்குமென்டேஷன் என்று ஃப்ரெஷர் முதல் இரண்டு வருடம் செய்யும் வேலைகளைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் எடுத்துக்கொள்கிறது. அடித்தட்டு வெறும் மலிவான உழைப்பு என்று கணக்கிட்டால் இது லாபம். ஆனால், அந்த அடித்தட்டு நாற்றங்கால். பத்து வருடம் கழித்து நடப்போகும் டெலிவரி மேனேஜர் அங்கேதான் முளைக்கிறார். கிளையன்ட்டின் சர்வர் நள்ளிரவில் செயலிழந்தபோது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஃப்ரெஷர்தான் பின்னாளில் அதைச் சமாளிக்கத் தெரிந்த மேனேஜர்.

மேலே வெட்டு, கீழே வறட்சி. நடுவில் இருக்கும் தேர்ந்த ஆட்களைப் பன்னாட்டு நிறுவனங்களின் இந்திய மையங்கள், அதாவது ஜிசிசிக்கள், கொத்திக்கொண்டு போகின்றன. 2024 நிலவரப்படி இந்தியாவில் அவை 1,700-க்கும் மேல், அவற்றில் வேலை பார்ப்போர் சுமார் 19 லட்சம். சேவை நிறுவனங்கள் தங்கள் செலவில் உருவாக்கிய மேனேஜர்கள்தான் அவற்றில் பலரும்.

2021-22-இல் சேர்ந்த அந்த லட்சம் பேர் என்ன ஆனார்கள்? பலர் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து, மேனேஜரைத் திரையில் மட்டும் பார்த்து வேலை கற்றவர்கள். 2022-இல் இன்ஃபோசிஸில் வேலையை விட்டவர்களின் ஆண்டு விகிதம் 28.4 சதவீதம் வரை போனது. டிசிஎஸ்ஸில் 21.5 சதவீதத்தைத் தொட்டது. சம்பளம் முக்கியக் காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால், கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் சம்பளத்தைத் தவிர வேறெந்தப் பிடிப்பும் இருக்காது. பென்ரோஸின் வேக வரம்பு அங்கே மீறப்பட்டது என்பது என் முடிவு. அதற்கான விலையைத்தான் இப்போது நடுத்தட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது புதிதல்ல. மேனேஜர் ஆகாமலே சம்பளமும் மரியாதையும் ஏறும் தனிப் பாதையைத் தொழில்நுட்ப வல்லுநருக்குக் காகிதத்தில் வைத்திருப்பவர்கள் அதை நிஜமாக்க வேண்டும். ஒரு மேனேஜரின் அப்ரைசலில் அவர் எத்தனை பேரை மேனேஜர் ஆக்கினார் என்ற கேள்வியும் இருக்க வேண்டும். பெஞ்சில் இருக்கும் நாட்களை எண்ணித் துரத்துவதை நிறுத்தி, அந்த நாட்களைக் கற்பிக்கும் நாட்களாக ஆக்க வேண்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளே, கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?’ என்று கேட்பார்கள். பேக்கேஜ் எவ்வளவு என்பது ஏற்கெனவே தெரியும். வேறு இரண்டைக் கேளுங்கள்: என் டீம் லீட் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார், லீட் ஆவதற்கு முன் அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? எதிரில் இருப்பவர் பதில் தெரியாமல் ஹெச்ஆர் முகத்தைப் பார்த்தால், இன்னொரு நிறுவனத்தின் தேர்வுக்கும் தயாராகுங்கள்.